பூட்டு கடைக்கு, பொறுப்பு யாருக்கு?



போதைப் பொருள் பிடிபட்டது என்று நாளிதழில் செய்தி வந்தால், அதற்கு அடுத்த வரியில் 'விடுதிக்குச் சீல் வைக்கப்பட்டது', 'கடை இழுத்து மூடப்பட்டது' என்று வருவது வழக்கமாகிவிட்டது. படிப்பவர்களுக்கு அது ஒரு வரிச் செய்தி. அந்த விடுதிக்கு அரிசி, எண்ணெய், சோடா, ஐஸ் கொடுத்தவருக்கும், அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டவருக்கும், அந்தப் பெட்டிக்கடையில் சம்பளத்துக்கு நின்ற பையனுக்கும் அது பிழைப்பைப் பற்றிய செய்தி.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு நம் சரக்கு தினமும் போகிறது. கோவளம் தொடங்கிச் சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை ஓரமாக விடுதிகளும், பண்ணை வீடுகளும், விழா அரங்குகளும் பெருகிவிட்டன. 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது உலகமே இங்கு வந்தது. வெளியூரார் வருகையை நம்பித்தான் இந்தக் கரையில் பாதி வியாபாரம் ஓடுகிறது. ஆகவே, கேளிக்கை விடுதிகள் போதையால் மூடப்படுவது பணக்காரர் வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

போதையை ஒருவன் விற்கிறான், இன்னொருவன் வாங்குகிறான். பூட்டு மூன்றாவது ஆளின் இடத்தில் விழுகிறது. இது நியாயமா? சட்டம் என்ன சொல்கிறது? நாம் என்ன செய்ய வேண்டும்? இவற்றை எனக்குத் தெரிந்த அளவில் நம் உறுப்பினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பக்கத்தில் நடந்தவை

2019 மே மாதத் தொடக்கத்தில், மாமல்லபுரத்தை அடுத்த பட்டிபுலம் பகுதியில் ஒரு சொகுசு விடுதியில் இரவு விருந்து நடந்தபோது போலீசார் புகுந்து 150-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தனர். அப்போது செங்கல்பட்டு தனி மாவட்டமாக ஆகவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதே வாரத்தில் பொள்ளாச்சி அருகே சேத்துமடையிலும் தோப்புக்குள் இருந்த ஒரு விடுதியில் இதேபோல் 150-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பிடிபட்டார்கள். சமூக வலைத்தளம் மூலம் அழைப்பு விடுத்து, யார் எவர் என்று அறியாமல் ஆட்களைக் கூட்டும் முறை அதற்குப் பிறகுதான் பெற்றோர்களுக்கே தெரியவந்தது.

2020 ஜூனில் மாமல்லபுரம் அருகே கொக்கிலமேடு கடற்கரையில் ஒரு டிரம் ஒதுங்கியது. சீனத் தேயிலை என்று அச்சிட்ட பொட்டலங்கள் எழுபதுக்கும் மேல் அதில் இருந்தன. தகவல் போலீசாருக்குப் போய்ச் சோதித்தபோது அது மெத்தாம்ஃபெட்டமைன் என்ற கொடிய போதைப் பொருள் என்று தெரிந்தது. கோடிக்கணக்கான ரூபாய் பெறும் சரக்கு நம் குப்பத்துக் கரையில் கிடந்திருக்கிறது.

2022 மே மாதம் சென்னை அண்ணாநகரை ஒட்டிய ஒரு பெரிய வணிக வளாகத்தில் டி.ஜே. விருந்து நடந்தபோது 23 வயது இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். உரிய அனுமதியின்றி மது பரிமாறப்பட்டது என்று போலீசார் வழக்குப் பதிந்து, நிர்வாகத்தில் இருந்தவர்களைக் கைது செய்தனர்.

இவற்றில் யாரை முதலில் கைது செய்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மேலாளர், ஏற்பாட்டாளர், விடுதி நடத்துபவர். சரக்கைக் கொண்டுவந்து சேர்த்த பெரிய கை வெகு சில வழக்குகளில்தான் வெளிச்சத்துக்கு வருகிறது.

பூட்டு எந்தச் சட்டத்தால் விழுகிறது?

நம்மில் பலர் நினைப்பது, போதைப் பொருள் சட்டப்படிதான் இடத்தை மூடுகிறார்கள் என்று. நடைமுறையில் பெரும்பாலும் அப்படி இல்லை. போதை வழக்கு ஆளின் மேல் போகிறது. பூட்டு வேறு ஒரு சட்டத்தின் பேரில் வருகிறது.

சேத்துமடை விடுதி மூடப்பட்டது உரிய அனுமதி இல்லாமல் நடத்தப்பட்டது என்ற காரணத்துக்காக. கோவாவில் 2022 ஆகஸ்டில் அரியானாவைச் சேர்ந்த அரசியல் பிரமுகரும் நடிகையுமான சோனாலி போகாட் இறந்த வழக்கில், அஞ்சுனா கடற்கரையில் உள்ள 'கர்லீஸ்' உணவகத்தில் அவருக்குப் போதைப் பொருள் கொடுக்கப்பட்டதாகப் போலீசார் கூறினர். உணவக உரிமையாளரும் கைதானார். ஆனால் செப்டம்பர் 9-ஆம் தேதி புல்டோசர் வந்தது கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டியதற்காக. அந்தக் கட்டட உத்தரவு 2016-லேயே பிறப்பிக்கப்பட்டு, வழக்காடிக்கொண்டு கிடந்தது. அன்றே உச்ச நீதிமன்றம், வியாபாரம் எதுவும் நடத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன் ஒரு பகுதி இடிப்பை நிறுத்தி வைத்தது. பழைய கட்டைத் தூசி தட்டி எடுக்க வைத்தது போதை வழக்கு.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மாமல்லபுரம் கரையிலும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு. அவற்றோடு தொல்லியல் துறையின் கட்டுப்பாடும் உண்டு. உள்ளாட்சி உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், தீயணைப்புச் சான்று, மது பரிமாறும் உரிமம் என்று ஒவ்வொன்றும் ஒரு தாள். இந்தத் தாள்களில் ஒன்று குறைந்தாலும், போதை வழக்கில் குற்றம் நிரூபணமாவதற்கு முன்பே கடை மூடிவிடும். நீதிமன்றத்தில் பிறகு விடுதலையானாலும் மூடிய நாட்களுக்கு யாரும் நஷ்டஈடு தரப்போவதில்லை.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

போதைப் பொருள் தடுப்புக்கான மைய அரசின் சட்டம் 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டம். அதில் வியாபாரிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய பிரிவு 25-ஆவது பிரிவு. ஒரு வீட்டின், அறையின், அடைத்த இடத்தின், வண்டியின் உரிமையாளரோ, அதில் குடியிருப்பவரோ, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரோ, அங்கே பிறர் போதைக் குற்றம் செய்யத் தெரிந்தே இடம் கொடுத்தால், அந்தக் குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை இவருக்கும் உண்டு.

'தெரிந்தே' என்ற சொல்தான் இங்கே உயிர்நாடி. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதுமா என்றால், போதாது. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். அதற்குப் பிறகு, குற்ற எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 35-ஆவது பிரிவு சொல்கிறது. அது இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது.

கூட்டு வணிக நிறுவனங்களுக்கு 38-ஆவது பிரிவு உண்டு. கம்பெனி என்பதில் பங்குதாரர் நிறுவனமும் அடங்கும். நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர், தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்றோ நிரூபித்தால் தப்பலாம். ஒரு பங்குதாரர் தூங்கும் பங்குதாரராக இருந்து, இன்னொருவர் தவறு செய்தாலும், தூங்கியவரும் விளக்கம் சொல்ல நேரிடும்.

அளவையும் அறிந்துகொள்ளுங்கள். கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. கடற்கரை விருந்துகளில் பேசப்படும் எம்.டி.எம்.ஏ. என்ற பொருளில் அரை கிராம்தான் சிறு அளவு. 10 கிராமுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவென்றால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல், 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீன் கிடைப்பதும் எளிதல்ல. 10 கிராம் என்பது நம் கடையில் ஏலக்காய் மடித்துக் கொடுக்கும் சின்னப் பொட்டலம். அவ்வளவு சிறிய பொருள் ஒரு விடுதி அறையில் இருந்தால் அந்த விடுதிக்காரரின் வாழ்க்கையே அதில் சிக்கிக்கொள்ளும்.

ஓட்டலும் கடையும் பொதுமக்கள் வந்துபோகும் இடமென்று இந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதனால் அங்கே சோதனையிட்டுக் கைப்பற்ற அதிகாரிகளுக்கு அதிகாரம் அதிகம். 'என் கடைக்குள் எப்படி வரலாம்' என்று வாதாடிப் பயனில்லை. சோதனை முறைப்படி நடக்கிறதா, கைப்பற்றியதற்குப் பட்டியல் எழுதுகிறார்களா, அதில் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார்களா என்று கவனிப்பதே புத்திசாலித்தனம்.

லண்டனில் எப்படித் தீர்த்தார்கள்?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. லண்டன் மாநகரில் ஸ்மித்ஃபீல்டு என்ற பழைய இறைச்சி மொத்தச் சந்தைக்கு எதிரில் 1999 முதல் 'ஃபேப்ரிக்' என்ற நடன விடுதி நடந்துவருகிறது. 2015 டிசம்பரில் அங்குள்ள ஒரு நீதிமன்றமே நல்ல நடைமுறைக்கு எடுத்துக்காட்டு என்று அதைப் பாராட்டியது. அடுத்த ஆண்டு ஜூனிலும் ஆகஸ்டிலும் 18 வயது இளைஞர்கள் இருவர் எம்.டி.எம்.ஏ. உட்கொண்டு இறந்தார்கள். 2016 செப்டம்பரில் இஸ்லிங்டன் நகராட்சி உரிமத்தையே ரத்து செய்தது.

விடுதிக்காரர்கள் மேல்முறையீடு செய்தார்கள். பிறகு நவம்பரில் நகராட்சியும் விடுதியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இரவு அனுமதி இல்லை. வாசலில் அடையாள அட்டையை இயந்திரத்தில் பதிய வேண்டும். உள்ளே கண்காணிப்பை அதிகரிக்க வேண்டும். போதையுடன் பிடிபடுபவனுக்கு வாழ்நாள் தடை. இப்படி 32 நிபந்தனைகள். 2017 ஜனவரியில் விடுதி திறந்தது.

நிரந்தரமாக மூடியிருந்தால் கூட்டம் வேறு ஒரு பாழடைந்த கிடங்குக்குப் போயிருக்கும்; அங்கே வாசலில் சோதனை இருக்காது, மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் அழைக்கவும் ஆள் இருக்காது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் மூன்றாவது சாவு நடந்திருக்கலாம். மூடி, பேசி, நிபந்தனை எழுதி, திறந்தார்கள். நமக்கும் இந்த வழி ஏற்றது என்பது என் கருத்து.

பெட்டிக்கடைக்கு வருவோம்

பெரிய விடுதிகளின் கதை இது. நம் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு விடுதி கிடையாது; மளிகையும் பெட்டிக்கடையும் தேநீர்க் கடையும்தான். அவர்களுக்கு வரும் பூட்டு குட்கா, பான் மசாலா, கூல் லிப் போன்ற புகையிலைப் பொருட்களால் வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குட்கா என்.டி.பி.எஸ். சட்டத்தில் வராது. அது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தமிழ்நாட்டில் 2013 மே மாதம் முதல் தடை செய்யப்பட்ட பொருள். தடை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தடை ஆணையை ரத்து செய்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 'ஐகோர்ட்டே தடையை நீக்கிவிட்டது' என்று இன்னும் சொல்லிக்கொண்டு விற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கஞ்சா கலந்த சாக்லேட் அப்படியல்ல. அது நேராக என்.டி.பி.எஸ். சட்டத்தில் போய் நிற்கும். மருந்துக் கடைகளில் ட்ரமடால் என்ற வலி நிவாரணியும் 2018 ஏப்ரல் முதல் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

குட்கா பிடிபட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையினர் அண்மை ஆண்டுகளில் கடைப்பிடித்துவரும் அளவு இது: முதல் முறை 25,000 ரூபாய் அபராதமும் 15 நாள் கடை மூடலும், இரண்டாம் முறை 50,000 ரூபாயும் 30 நாளும், மூன்றாம் முறை 1 லட்சம் ரூபாயும் 90 நாளும்.

என்னிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் ஒருவருக்கு இப்படி நடந்தது. அவர் கொடை விழாவுக்காகச் சொந்த ஊர் போயிருந்தார். கடையில் நின்ற பையன் காலி பிஸ்கட் டின்னுக்குள் கூல் லிப் வைத்து விற்றிருக்கிறான். சோதனை வந்தது, 15 நாள் கடை மூடல். உள்ளே இருந்த ரொட்டியும் தயிரும் வீணாயின. வாடகை நிற்கவில்லை, சீட்டுத் தவணை நிற்கவில்லை. பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் எதிர்க்கடைக்குப் பழகிவிட்டன. என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நான் ஊர்லயே இல்லையே, எனக்கு எதுக்கு அபராதம்?" என்று கேட்டார். "தம்பி, கடைச் சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு வரவேண்டிய பாக்கியை இரண்டு மாதம் தள்ளி வாங்கிக்கொண்டேன்.

கடுமையாகச் சொன்னேன் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த முழு விஷயத்துக்கும் எனக்குத் தெரிந்த நேரான அளவுகோல் இதுதான்: சாவி யார் கையிலோ, பொறுப்பும் அவர் கையில். யாருக்கு எவ்வளவு அதிகாரமோ, அவருக்கு அவ்வளவு பொறுப்பு. பையன் விற்றதற்குப் பையனும் பொறுப்பு; அவனை நியமித்து, கல்லாவை ஒப்படைத்து, ரகசியமாக என்ன வருகிறது என்று பார்க்காமல் போன முதலாளியும் பொறுப்பு.

மொத்த வியாபாரிகளாகிய நாம்

இந்த அளவுகோலை மேல் நோக்கியும் பிடிக்க வேண்டும். பெட்டிக்கடைக்காரர் குட்காவைத் தன் வீட்டில் தயாரிப்பதில்லை. யாரோ ஒரு மொத்தக்காரர் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார். யாரிடமிருந்து சரக்கு வந்தது என்று காட்ட முடியாத விநியோகஸ்தரையும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு பொறுப்பாக்குகிறது. பில் இல்லாத சரக்கு கண்ணிவெடி மாதிரி.

2023 மே மாதத்தில் நடந்ததை இந்த மாவட்டத்தார் மறக்க முடியாது. மரக்காணம் பக்கத்திலும், நம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் பக்கத்துக் கிராமங்களிலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்தது மெத்தனால். அது சாராயக்காரன் காய்ச்சிய பொருளல்ல. தொழிற்சாலைக்கென்று வாங்கப்பட்ட ரசாயனம், சென்னையை ஒட்டிய ஓர் ஆலையிலிருந்து கைமாறி வந்தது என்று போலீசார் கண்டறிந்து ஆலை உரிமையாளரைக் கைது செய்தனர். அங்கே சாவி ஆலைக்காரர் கையில் இருந்தது.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், முகப்பவுடர் செய்யும் டால்க் கல் என்று வந்த கண்டெய்னர்களில் சுமார் 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. சரக்கு வந்தது விஜயவாடா முகவரியில் பதிவான ஒரு சிறு நிறுவனத்தின் பெயரில். அதை நடத்திய தம்பதி சென்னையில் கைதானார்கள். 2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎபெட்ரின் என்ற மூலப்பொருள் பிடிபட்டபோது, சத்துமாவு, தேங்காய்த் தூள் போன்ற உணவுப் பொருட்களுக்குள் மறைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதாக அதிகாரிகள் கூறினர். சத்துமாவும் தேங்காய்த் தூளும் நாம் அன்றாடம் கை வைக்கும் சரக்கு. 'உங்கள் பெயரில் ஒரு பில் மட்டும் போட்டுக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்' என்று யாராவது வந்தால், அந்தக் கமிஷன் எதற்கு என்று யோசியுங்கள்.

வண்டியும் அப்படித்தான். நம் லோடு ஆட்டோவிலோ குட்டியானையிலோ போதை பிடிபட்டால், 60-ஆவது பிரிவின்படி வண்டி பறிமுதலாகும். முதலாளிக்கும், அவருடைய முகவருக்கும், வண்டியை ஓட்டியவருக்கும் தெரியாது என்றும், ஒவ்வொருவரும் முன்னெச்சரிக்கை எடுத்தார்கள் என்றும் நிரூபித்தால் மீட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அசாமில் பிடிபட்ட ஒரு லாரி வழக்கில், வழக்கு முடியும்வரை வண்டி நிலையத்தில் துருப்பிடிக்க வேண்டியதில்லை, நிபந்தனையுடன் இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. இது நமக்கு ஆறுதலான தீர்ப்பு.

அதிகாரிகளுக்குப் பொறுப்பு இல்லையா?

நிச்சயமாக உண்டு. அனுமதியே இல்லாத விடுதி ஆண்டுக்கணக்கில் விளக்குப் போட்டு, பாட்டுப் போட்டு நடக்கிறது என்றால், அந்தச் சாலையில் தினமும் போய்வந்த அதிகாரிகளின் கண்ணில் படவில்லையா? சாவு நடந்த மறுநாள் மட்டும் விதிமீறல் தெரிவது எப்படி?

சென்னையில் ஒரு குட்கா உற்பத்தியாளரின் இடங்களில் 2016-ல் வருமான வரித் துறை சோதனையிட்டபோது, தடையை மீறி வியாபாரம் நடக்க அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்ததாகக் குறிப்புகள் கிடைத்தன என்று விவகாரம் எழுந்தது. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் அது சி.பி.ஐ. வசம் போனது. ஆலை அங்கே ஓட, ஐந்து ரூபாய்ப் பாக்கெட் விற்ற பெட்டிக்கடைக்காரர் இங்கே அபராதம் கட்டிக்கொண்டிருந்தார். உரிமம் கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரம் உள்ளவர் கையில் இருப்பதும் ஒரு சாவிதான். அவருக்கும் பொறுப்பைக் கணக்கிட்டுக் கொடுத்தால்தான் நியாயம் முழுமையாகும்.

ஆனால் அதிகாரி தவறு செய்கிறார் என்பது நம் தவறுக்குப் பதிலாகாது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

1. கட்டடம் வாடகைக்கு விடுவோர் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். என்ன தொழிலுக்கு விடுகிறோம் என்பதையும், சட்டவிரோதப் பொருளுக்கு இடம் கொடுத்தால் உடனே காலி செய்ய வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

2. பண்ணை வீடு, தோப்பு, மண்டபம் ஒரு நாளுக்கு விடுவோர், அழைப்பவரின் அடையாள அட்டை நகலும், வருவோர் எண்ணிக்கையும் எழுதி வாங்குங்கள். சமூக வலைத்தளத்தில் டிக்கெட் விற்கும் விருந்து என்று தெரிந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. கடை ஊழியரை நியமிக்கும்போது முகவரியும் அடையாளமும் பெற்று வையுங்கள். 'தடை செய்யப்பட்ட பொருளைக் கடையில் வைக்க மாட்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். வாங்கிய தாளே போதும் என்று இருந்துவிடாதீர்கள். டின்னைத் திறந்து பாருங்கள்.

4. பில் இல்லாத சரக்கை இறக்காதீர்கள். கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். 'உரிய கவனம் எடுத்தேன்' என்று நீதிமன்றத்தில் சொல்லும்போது பேசப்போவது இந்தத் தாள்களும் பதிவுகளும்தான்.

5. 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலை கொடுப்பது சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் உட்பட எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. சீருடையில் வரும் பிள்ளை அப்பாவுக்கு என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

6. சந்தேகமான நடமாட்டம் தெரிந்தால் சொல்லுங்கள். 2024 ஜூலையில் தொடங்கிய 1933 என்ற தேசியத் தொலைபேசி எண் போதைத் தகவலுக்கென்றே உள்ளது. கொக்கிலமேட்டுக் கரையில் கிடந்த டிரம்மைப் பற்றித் தகவல் போகாமல் இருந்திருந்தால் அது எத்தனை வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

7. சீல் வைக்க வந்தால் தகராறு செய்யாமல், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று எழுத்துமூல உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கடைக்குச் சீல் வைத்தால் நம் சங்கத்தார் கொதித்தெழுவது இயல்பு. கடையடைப்பு நடத்துவோம் என்ற பேச்சும் வருகிறது. இங்கே நாம் ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து. தெரியாமல் சிக்கிய உறுப்பினருக்குச் சங்கம் வக்கீல் வைக்கட்டும். மூடிய நாட்களில் அவர் குடும்பத்துக்கு அரிசி பருப்புக்கு வழி செய்யட்டும். மொத்த வியாபாரிகள் பாக்கிக்கு நெருக்காமல் இருக்கட்டும். முதல் தவறுக்கு எச்சரிக்கையும் நிபந்தனையும், திரும்பத் திரும்பச் செய்பவருக்கு மட்டும் நீண்ட பூட்டு என்று அரசிடம் கோரிக்கை வைக்கட்டும். கெட்டுப்போகும் பொருளை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கட்டும். இவை நியாயமான கோரிக்கைகள்.

தெரிந்தே விற்றவருக்காகக் கொடி பிடிக்க வேண்டாம். அவருக்காக நாம் ஒரு நாள் கடையடைத்தால், அடுத்த முறை நிரபராதி ஒருவருக்காக நாம் பேசும்போது யாரும் நம்ப மாட்டார்கள். அவர் விற்ற பொட்டலம் போவது நம் ஊர்ப் பிள்ளைகளிடம். நாளைக்கு நம் கடையில் வேலைக்கு நிற்க வேண்டியவர்களும், நம்மிடம் சரக்கு வாங்க வேண்டியவர்களும் அவர்களே.

வியாபாரியின் முதல் மூலதனம் நாணயம். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். 'அந்தக் கடையில் அது கிடைக்கும்' என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால், அதிகாரி வந்து சீலை உடைத்துத் திறந்து கொடுத்தாலும் நல்ல வாடிக்கையாளர் படியேற மாட்டார். பூட்டும் சாவியும் நம் கையில் இருக்கும்போதே நம் கடையை நாமே சோதித்துக்கொள்வோம்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!